வாழ்க்கையே ஆராதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளில் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் ‘வாழ்க்கையே ஆராதனை’ என்று எங்கோ கேட்டு மகிழ்ந்தவர்கள். மீதிப் பேர் அதையே கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். எனக்கும் அந்த வாசகத்தின்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சொல்வது உண்மைதான், ஆனால் சுலபமாகச் சாக்காகிவிடுகிற உண்மை. சபைக்குப் போகாதவருக்கும் அது சாக்கு, வேலைக்காரரைப் பிழிகிற முதலாளிக்கும் அது சாக்கு. அதை மனதில் வைத்தே கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆராதனை என்றால் பாட்டுப் பாடுவதுதானே?

பேச்சுவழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. ‘ஆராதனை நல்லா இருந்தது, செய்திதான் கொஞ்சம் நீளம்’ என்று சொல்லும்போது ஆராதனை என்பது பிரசங்கத்துக்கு முந்தைய அரைமணி நேரப் பாட்டு.

வேதாகமத்தில் அந்தச் சொல்லின் பரப்பு பெரிது. ‘தொழுதுகொள்’ என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் எபிரெயத்தில் இருக்கும் சொல்லுக்கு ‘குனிந்து விழு’ என்று பொருள். அரசன் முன் தரையில் முகம்படப் பணிவதற்கும் அதே சொல்தான். மகனைப் பலியிடப் புறப்பட்ட ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம், ‘நானும் பையனும் அங்கே போய்த் தொழுதுகொண்டு வருகிறோம்’ என்று சொல்கிறான் (ஆதியாகமம் 22:5). அந்தப் பயணத்தில் விறகு இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, கத்தி இருக்கிறது. பாட்டு இல்லை.

இன்னொரு எபிரெயச் சொல் ‘ஆவாத்’. வேலை செய்வது, ஊழியம் செய்வது, ஆராதிப்பது என மூன்றுக்கும் அது பொது. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்த’ ஆதாம் வைக்கப்பட்டான் என்ற இடத்தில் (ஆதியாகமம் 2:15) வருவதும், ‘எனக்கு ஆராதனை செய்யும்படி என் ஜனங்களைப் போகவிடு’ என்று பார்வோனிடம் மோசே சொல்லும் இடத்தில் வருவதும் அதுவே. மண்ணைக் கொத்துவதற்கும் கடவுளைத் தொழுவதற்கும் ஒரே வினைச்சொல். அதற்காக இரண்டும் ஒன்றேதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் அந்த மொழியைப் பேசியவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கிற சுவர் தெரிந்திருக்காது.

பாட்டுக்கு இதில் இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 150 சங்கீதங்கள் வேதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன.

‘வாழ்க்கையே ஆராதனை’ என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

இதே சொற்களில் எங்கும் இல்லை. மிக நெருங்கி வருவது ரோமர் 12:1. உங்கள் சரீரங்களைப் ‘பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக’ ஒப்புக்கொடுங்கள், ‘இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை’ என்கிறார் பவுல்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ‘ஆத்துமா’ என்றோ ‘இருதயம்’ என்றோ சொல்லாமல் ‘சரீரம்’ என்கிறார். கை, கால், நாக்கு, தூக்கம், பசி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. இரண்டாவது, ‘ஜீவபலி’ என்பது அக்காலத்துக் காதுக்கு முரணாக ஒலித்திருக்கும். பலி என்றால் உயிர்போவது. பலிபீடத்தில் ஏறிய ஆடு ஒருமுறைதான் ஏறும். உயிருள்ள பலியோ நாளைக்கும் ஏற வேண்டும், மறுநாளும் ஏற வேண்டும்.

பலர் இந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். அதே அதிகாரத்தைக் கீழே வாசித்தால் அந்த ஆராதனை நாள்தோறும் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்நியரை வீட்டில் ஏற்றுக்கொள்வது, அழுகிறவர்களோடு அழுவது, சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு போடுவது. ஆலயத்துக்குள் நடப்பது அதில் மிகக் குறைவு.

எனக்குப் பிடித்த இன்னொரு இடம் சகரியா தீர்க்கதரிசியின் கடைசி இரண்டு வசனங்கள். பிரதான ஆசாரியனின் நெற்றியில் கட்டிய பொன் பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று வெட்டியிருக்கும் (யாத்திராகமம் 28:36). அதே எழுத்து ஒருநாள் குதிரைகளின் கழுத்து மணிகளில் இருக்கும் என்கிறார் சகரியா. எருசலேமிலும் யூதாவிலும் இருக்கிற எல்லாப் பானைகளும் பரிசுத்தமாகும். பிரதான ஆசாரியன் ஒருவன் நெற்றியில் இருந்தது கண்டவர் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடுகிறது! பரிசுத்தமானதைச் சாதாரணமாக்கும் பேச்சு அங்கே இல்லை. சாதாரணமானது பரிசுத்தத்தின் அளவுக்கு உயர்த்தப்படுகிறது. பலர் இந்தக் கருத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆலயத்தில் நடப்பதும் வெறும் சாதாரணம்தான் என்று முடிக்கிறார்கள்.

அப்படியானால் சபைக்கு ஏன் போக வேண்டும்? வேலை செய்தபடியே ஆராதிக்கலாமே?

நான் சாக்கு என்று சொன்னதில் முதலாவது இதுதான்.

கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே கூடினார்கள். கூடுவது ஆபத்தாக இருந்தபோதும் கூடினார்கள். சுமார் கி.பி. 112-இல் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, இந்தப் புது மதத்தாரை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். விசாரணையில் தெரிந்ததை அதில் சொல்கிறார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறிமாறிப் பாடுகிறார்கள், அப்புறம் ஓர் உறுதிமொழி எடுக்கிறார்கள். என்ன உறுதிமொழி? திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்க மாட்டோம். அவர்களைத் தண்டித்த அதிகாரி எழுதிய குறிப்பு இது, கிறிஸ்தவர்களை உயர்த்திப் பேச அவருக்குக் காரணமே கிடையாது. பாட்டும், கடனைத் திருப்பிக் கொடுக்கிற நேர்மையும் ஒரே கூட்டத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

சுமார் கி.பி. 155-இல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இன்னும் விரிவாகச் சொல்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும். தலைமை ஏற்பவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் வரும். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து தருவது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் ஆகியோருக்குப் போகும். ஆராதனை எங்கே முடிந்து சமூக உதவி எங்கே தொடங்குகிறது என்று இந்த விவரிப்பில் கோடு போட்டுப் பாருங்கள், முடியாது.

தனியாக ஆராதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே எல்லாமே நம் இஷ்டம். நமக்குப் பிடித்த வசனம், பிடித்த பாட்டு, பிடித்த நேரம். சபையில் நம் பக்கத்தில் யார் உட்காருவார் என்று நாம் தீர்மானிப்பதில்லை. சுருதி சேராமல் பாடுபவர், போன மாதம் நம்மோடு சண்டை போட்டவர், அழுகிற குழந்தையோடு வந்தவர் என யாரும் வரலாம். அவர்களை வைத்துக்கொண்டுதான் ‘எங்கள் பிதாவே’ என்று பன்மையில் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிட வேண்டாம் என்று எபிரெயர் 10:25 சொல்லும்போது, ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துவதைத்தான் காரணமாகச் சொல்கிறது.

நோயாளிகள், நோயாளியைவிட்டு நகர முடியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைநேரம் உள்ளவர்கள் ஆகியோரை இந்தப் பதிலில் நான் குறை சொல்லவில்லை. சபைக்குள்ளேயே காயப்பட்டு வெளியேறியவர்களையும்தான். யுஸ்தீன் சொல்வதுபோல, வர முடியாதவரிடம் அப்பம் போக வேண்டும். அது சபையின் பொறுப்பு.

ஞாயிறு நடப்பதற்கும் திங்கள் நடப்பதற்கும் என்ன தொடர்பு?

ஆராதனை முறைமையை ஒருமுறை பயிற்சியாக நினைத்துப் பாருங்கள். பாவ அறிக்கையில் ‘தப்பு என்னுடையது’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறோம். வீட்டிலும் அலுவலகத்திலும் எவ்வளவு கஷ்டமான வாக்கியம் அது! வேதவாசிப்பில் குறுக்கே பேசாமல் கேட்கப் பழகுகிறோம். மன்றாட்டில் நமக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் பெயர்களைச் சொல்கிறோம். சமாதான வாழ்த்தில் கை நீட்டுகிறோம். காணிக்கையில் கையைத் திறக்கிறோம். திருவிருந்தில் பணக்காரருக்குப் பெரிய துண்டு, ஏழைக்குச் சின்னத் துண்டு என்று கிடையாது. கொரிந்து சபையில் அப்படி ஒரு பேதம் தலைகாட்டியது. சிலர் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்போது பவுல், நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று கடுமையாக எழுதினார் (1 கொரிந்தியர் 11).

கடைசியில் அனுப்பிவிடுதல். கத்தோலிக்கத் திருப்பலிக்கு லத்தீனில் ‘மிஸ்ஸா’ என்ற பெயர் வந்ததே, முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் வாக்கியத்தில் உள்ள சொல்லிலிருந்துதான். ஆசீர்வாதம் முடியுமுன்பே செருப்பைத் தேடப் போகிறவர்கள் அதைக் கேட்காமல் போகிறார்கள், பாவம்.

என் வேலையை ஆராதனையாகச் செய்வது எப்படி? மேசையில் வசனம் ஒட்ட வேண்டுமா?

ஒட்டினால் தப்பில்லை. ஒட்டிவிட்டுக் கணக்கைத் திருத்தினால்தான் பிரச்சினை.

துறவி பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் தன் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு ஒரு அறிவுரை இருக்கிறது. மடத்தின் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலப் பார்க்க வேண்டும், எதையும் அலட்சியமாகக் கையாளக் கூடாது. சகரியாவின் பானைகள் இங்கே நிஜமாகவே அலமாரியில் ஏறிவிட்டன. மண்வெட்டியைக் கழுவி வைப்பதும் அதில் சேரும்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் சபை மடத்தில் சகோதரர் லாரன்ஸ் இருந்தார். முன்பு போர்வீரர், கால் ஊனம். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அவரைப் பற்றிச் சொல்லும்போது, சமையலை அவர் ரசித்துச் செய்தார் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. அந்த வேலை இயல்பாகவே அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்கப் படகில் அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, நடக்கவும் முடியாது. பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர வேண்டியிருந்தது. ‘இது உமது வேலை’ என்று கடவுளிடம் சொல்லிவிட்டுச் செய்தேன், காரியம் நன்றாகவே முடிந்தது என்றார். சமையலறைச் சந்தடியில் இருப்பதும் நற்கருணைமுன் முழங்காலில் இருப்பதும் அவருக்கு ஒன்றுபோலவே ஆகிவிட்டது. பிடித்த வேலை கிடைத்தால்தான் ஆராதனையாகச் செய்ய முடியும் என்று நினைப்பவர்கள் இவரைக் கொஞ்சம் படிக்கலாம்.

மார்ட்டின் லூத்தர் 1522-இல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் மலத்துணியைத் துவைக்கிற தகப்பனைப் பேசினார். ஊர் அவனைப் பெண்பிள்ளைபோல என்று சிரிக்கும், ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் கடவுள் தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்றார். துறவு மடத்துக்குள் போனால்தான் கடவுளுக்கு ஊழியம் என்று எண்ணிய காலத்தில் அது பெரிய கலகம்.

செருப்புத் தைப்பவர் செருப்பில் சிலுவை போட வேண்டியதில்லை, நல்ல செருப்பாகத் தைத்தால் போதும் என்ற வாசகமும் லூத்தர் பெயரில் சுற்றிவருகிறது. அவர் எழுதியவற்றில் அது இல்லை. கருத்து நல்லதுதான், சொன்னவர் பெயரைத்தான் விட்டுவிட வேண்டும்.

நடைமுறையில் இது சின்னச் சின்ன இடங்களில்தான் தெரியும். யாரும் சரிபார்க்காத பகுதியைச் சரியாகச் செய்வது. தாமதம் ஆகும் என்று தெரிந்தால் முன்னமே சொல்வது. கீழே வேலை செய்பவரின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது. நம் தவறுக்கு அவர் திட்டு வாங்காமல் பார்த்துக்கொள்வது. இசையமைப்பாளர் பாக் தன் தேவாலய இசைக்கோப்புகள் பலவற்றின் முடிவில் ‘தேவனுக்கே மகிமை’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் மூன்றை எழுதிவைத்தார். அந்த எழுத்துகளைத் தூக்கி நிறுத்துவது அவற்றுக்கு மேலே இருக்கிற இசைதான்.

‘கர்த்தருக்கென்று செய்’ என்று சொல்லி என்னிடம் அதிகநேரம் வேலை வாங்குகிறார்கள். நான் முறுமுறுக்கக் கூடாதா?

இரண்டாவது சாக்கு. கிறிஸ்தவ நிறுவனங்களிலும் ஊழியங்களிலும் இது அதிகம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி ஓரிடத்தில் இருந்தேன். சம்பளம் தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் ஒரு வசனம் கிடைத்தது.

‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்பது கொலோசெயர் 3:23. பவுல் அதை அடிமைகளுக்கு எழுதினார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் காட்டுவதற்காக எழுதவில்லை. மேலே இருப்பவருக்குத் தனி வசனம் நாலைந்து வரி தள்ளி இருக்கிறது: ‘எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.’ முதல் வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர் இரண்டாவதைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்னே சொன்ன ‘ஆவாத்’ இங்கே திரும்ப வருகிறது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலரை ஒடுக்கிய கடினவேலைக்கும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். பார்வோனுக்கு ஆவாத், அதன்பின் கர்த்தருக்கு ஆவாத். ஒரு சொல், இரண்டு எஜமான்கள். வித்தியாசம் எங்கே தெரிகிறது? பார்வோன் வைக்கோல் தர மறுத்துவிட்டு அதே எண்ணிக்கைச் செங்கல் கேட்டான். ஜனங்கள் ஆராதிக்கப் போகவேண்டும் என்றதும் ‘சோம்பலாயிருக்கிறீர்கள்’ என்றான். கர்த்தரோ வாரத்தில் ஒருநாள் ஓயச் சொன்னார். வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் அந்த ஓய்வு உண்டு. ‘எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை’ என்று காரணமும் சொன்னார் (உபாகமம் 5:14–15). உங்களிடம் வேலை கேட்கிறவர் இந்த இருவரில் யாரைப்போலப் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

ஆக, நியாயமான சம்பளம் கேட்பது முறுமுறுப்பு ஆகாது. ஓய்வெடுப்பதும் ஆராதனைக்கு விரோதம் கிடையாது, அது கட்டளையிலேயே இருக்கிறது.

எந்த வேலையும் ஆராதனை ஆகுமா?

ஆகாது. பிறரை ஏமாற்றியே நடக்கிற தொழிலை மனப்பூர்வமாகச் செய்தால் ஏமாற்று இன்னும் கச்சிதமாகும், அவ்வளவுதான்.

நாள் முழுக்கக் கடவுளை நினைத்துக்கொண்டே இருக்க முடியுமா?

அறுவைசிகிச்சை செய்கிற மருத்துவர் அந்த நேரத்தில் அறுவைசிகிச்சையைத்தான் நினைக்க வேண்டும். மேசையில் படுத்திருப்பவர் வேண்டுவதும் அதையே. வண்டி ஓட்டுகிறவருக்கும் அப்படியே.

‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்ற இரண்டு சொல் வசனம் (1 தெசலோனிக்கேயர் 5:17) பலரைக் குற்ற உணர்வில் தள்ளியிருக்கிறது. கிழக்கத்தியத் திருச்சபைகளில் ‘கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்ற சிறு ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லிப் பழகுகிறார்கள். மடங்களில் ஒரு நாளைப் பல ஜெபவேளைகளாகப் பிரித்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம் என்றால் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி போதும். கதவைத் திறக்கும்போது, கணினி திறக்கும்வரை காத்திருக்கும்போது, பேசக் கஷ்டமான ஒருவருக்குப் போன் போடுமுன். தன் தாயை நேசிக்கிறவர் நாள் முழுக்கத் தாயை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அவருக்குப் பிடிக்காததைச் செய்யக் கை நீளும்போது சட்டென்று நினைவு வரும். அந்த மாதிரி நினைவைத்தான் கேட்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மனசே இல்லாதபோது ஆராதிப்பது நடிப்பு இல்லையா?

நல்ல கேள்வி, நிறையப் பேர் வெளியே கேட்காத கேள்வி.

உணர்ச்சி வந்தால்தான் உண்மையான ஆராதனை என்று நாம் பழகிவிட்டோம். சங்கீதப் புத்தகம் அப்படிச் சொல்லித்தரவில்லை. அதில் புலம்பல்கள் ஏராளம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். அது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படியும் முடியவில்லை. நண்பர்கள் தூரப் போய்விட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிக்கிறது. அதைத் திருத்தி ஒரு அல்லேலூயாவை ஒட்டவைக்காமல் அப்படியே ஆராதனைப் பாடல் தொகுப்பில் வைத்துப் பாதுகாத்தார்கள். இயேசு சிலுவையில் சத்தமிட்டுச் சொன்னதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின், 22-ஆம் சங்கீதத்தின், முதல் வரி.

பிள்ளைகள் செத்த செய்தி கேட்டு யோபு சால்வையைக் கிழித்துத் தலையைச் சிரைத்துத் தரையிலே விழுந்து பணிந்தான். துக்கமும் பணிதலும் ஒரே அசைவில் நடந்தன. அப்புறம் அதிகாரம் அதிகாரமாக அவன் கடவுளிடம் வாதாடுகிறான். முடிவில், கடவுளைப் பற்றி நிதானமாய்ப் பேசியவன் யோபுதான் என்று கர்த்தரே சொல்கிறார். ஒழுங்காக, பக்தியாகப் பேசிய நண்பர்கள்தான் திட்டு வாங்குகிறார்கள்.

நடிப்பு என்பது உள்ளே இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. ‘எனக்கு இன்று பாட வரவில்லை’ என்று உட்கார்ந்திருப்பதில் நடிப்பு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நமக்காகப் பாடட்டும். வேறொரு வாரம் நாம் அவர்களுக்காகப் பாடுவோம்.

கைதட்டிப் பாடுவதா, மௌனமாக இருப்பதா? எது சரியான ஆராதனை?

இரண்டும் வேதத்தில் உண்டு. இதைப் பற்றிச் சண்டைபோட எனக்கு ஆர்வமில்லை.

ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அதற்காக ஆராதனைக்குப் போகாமல் இருக்க வேண்டுமா?

இயேசு சொன்னது இதைவிடக் கஷ்டமானது. பலிபீடத்தண்டையில் நிற்கும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், ‘அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்’ முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்றார் (மத்தேயு 5:23–24). கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள், பலிபீடமோ எருசலேமில். பல நாள் நடந்து போய், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, ஊர் திரும்பிச் சமாதானம் பண்ணிவிட்டு, மறுபடி அத்தனை தூரம் நடக்க வேண்டும்! யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

கவனித்தீர்களா, ‘உனக்கு அவன்மேல் குறை இருந்தால்’ என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால். தப்பு செய்தவர் புறப்பட்டுப் போக வேண்டிய வசனம் இது. அடிவாங்கியவரை, துன்புறுத்தப்பட்டவரை ‘நீதான் போய்ச் சமாதானம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் உன் ஆராதனை செல்லாது’ என்று விரட்ட இதைப் பயன்படுத்துகிறவர்கள் வசனத்தைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். ஆபத்து உள்ள இடத்துக்குத் திரும்பிப் போக யாரும் கடமைப்பட்டவர் இல்லை.

காணிக்கை தவறாமல் கொடுக்கிறேன். அது போதாதா?

காணிக்கையை எதற்கு ஈடாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்தாயிற்று, என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7). ஆமோஸ் காலத்தில் பண்டிகை, பலி, வீணை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன, நியாயம் விசாரிக்கும் ஊர்வாசலில் ஏழையின் வழக்கு மட்டும் புரட்டப்பட்டது. பாட்டின் இரைச்சலை அகற்று, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்றார் கர்த்தர்.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தம் மத்தேயு நற்செய்தியைப் பிரசங்கித்தபோது, கிறிஸ்துவின் உடலைக் கனப்படுத்த விரும்புகிறாயா என்று கேட்டார். இங்கே பட்டுத்துணியால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரிலும் ஆடையில்லாமலும் கிடக்கிற அவரைப் புறக்கணிக்காதே என்றார். ஆலயத்துக்குப் பொன் பாத்திரம் தர வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. முதலில் பசித்தவனுக்குச் சாப்பாடு, மிச்சத்தில் பீடத்தை அலங்கரி என்று வரிசையைத்தான் மாற்றினார்.

வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜெபிக்கக்கூட நேரமில்லையே?

உபாகமம் 6:7 அதற்குத் தனி நேரம் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு என்கிறது. நான்குமே எப்படியும் நடக்கிறவை. குடும்ப ஜெபம் ஐந்து நிமிடத்துக்குமேல் போனால் பிள்ளைகள் அடுத்தவரைக் கிள்ளத் தொடங்குவார்கள். அங்கே முடித்துக்கொள்ளலாம். பெற்றோர் தங்களிடம் மன்னிப்புக் கேட்பதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்குப் பாவ அறிக்கை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிராது.

எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு நாளில் பழகும்?

தினமும் செய்கிற, உங்களுக்குப் பிடிக்காத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். பாத்திரம் கழுவுவதோ, மாதக் கணக்கு எழுதுவதோ, படுக்கையில் இருக்கிற ஒருவரைத் துடைத்துவிடுவதோ. தொடங்குமுன் ஒரு வரி ஜெபம், பிறகு அந்த வேலையிலேயே கவனம். முடிந்ததும் நன்றி. மறந்துபோனால் மறுநாள்.

எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு, அனுபவப்பட்ட ஒருவர் சொன்ன கணக்கு இருக்கிறது. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் கஷ்டப்பட்டேன், அடிக்கடி விழுந்தேன், எழுந்தேன் என்று எழுதினார் சகோதரர் லாரன்ஸ். அவர் மடத்திலேயே இருந்தவர், பிள்ளைகுட்டி கிடையாது.